மூடிய தோட்டமும் முத்திரையிட்ட அச்சகமும்
(ஊவாத் தோட்டங்களிற் செய்தித் தடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

மலையகத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் 1940ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டு ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். முல்லோயா கோவிந்தன் என்ற பெயர் இன்றும் மலையக மக்களால் நினைவுகூரப்படுகின்றது. அதே ஆண்டின் மே மாதத்தில், பதுளை நகரை அண்மித்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, தோட்டத்துரையையே அச்சபையுடன் கலந்து கருமமாற்ற இணங்கச் செய்தனர். இலங்கைத் தோட்டத்துறை அதற்கு முன்னர் காணாத நிகழ்ச்சி அது. எனினும் அச்சபையில் இருந்தோரின் பெயர்கள் கோவிந்தனின் பெயரைப் போல மக்கள் நினைவில் இடம்பெறவில்லை. வரலாற்று நூல்களும் அந்நிகழ்ச்சியை ஓரிரு வாக்கியங்களிற் கூறிக் கடந்து விடுகின்றன. சில மாத இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளுள் ஒன்று விரிவாகப் பதிவானதற்கும் மற்றையது பதிவாகாமற் போனதற்கும் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்திரிகைக்கு இடப்படும் தடை என்றதும் அரசாங்கத்தின் தணிக்கை ஆணையே பலரின் நினைவுக்கு வரும். பொலிசாரும் மக்களும் நேருக்கு நேர் நிற்கும் வேளையில் செய்தி மறைக்கப்படுவதற்கு அத்தகைய ஆணை எப்பொழுதும் தேவைப்படுவதில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குள் அயலார் நுழைவதைத் தடுப்பது ஒரு வழி. நிகழ்ச்சியைப் பற்றி மக்கள் கூடிப் பேசுவதைத் தடுப்பது இரண்டாவது வழி. எழுதப்பட்டதை அச்சேற விடாது தடுப்பது மூன்றாவது வழி. முதலாவது நிலவுடைமையின் பெயராலும், இரண்டாவது பொது அமைதியின் பெயராலும், மூன்றாவது நாட்டுப் பாதுகாப்பின் பெயராலும் நடைமுறைப்படுத்தப்படுவன. 1940ஆம் ஆண்டின் ஊவாவில் இம்மூன்றும் ஒருங்கே இயங்கின என்பதே இங்கு நோக்கற்பாலது.

முதற்கண் தோட்டத்தின் அமைப்பை நோக்குவோம். தோட்டம் என்பது தொழிலாளி வேலை செய்யும் இடம் மட்டுமன்று; அவன் குடியிருக்கும் லயமும், நீர் அள்ளும் பீலியும், பிள்ளை படிக்கும் பள்ளியும் அதே எல்லைக்குள்ளேயே இருந்தன. எல்லை முழுவதும் துரையின் ஆட்சிக்குட்பட்டது. வெளியார் ஒருவர் அவருடைய அனுமதியின்றி லயத்துக்குச் சென்று தொழிலாளியுடன் உரையாடினால் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்பட்டு வழக்கை எதிர்நோக்க வேண்டியவரானார். தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்றார் என்று அவரது வாழ்வை ஆராய்ந்தோர் குறிப்பிடுவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தியவரும், பின்னர் சட்டமன்றங்களிற் தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தவருமான ஒருவரே புடவை மூட்டையுடன் செல்ல வேண்டியிருந்ததெனில், சாதாரண நிருபர் ஒருவரின் நிலையை ஊகித்தறிவது எளிது.

ஊவாவின் புவியியலும் இத்தடைக்குத் துணை நின்றது. 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, கொழும்பிலிருந்து நெடுந்தொலைவில், மலைத்தொடர்களால் மறைக்கப்பட்டுக் கிடந்தது. புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயாகும். பசறை, நமுனுகுல, மடுல்சீமை முதலிய பகுதிகளிலிருந்த தோட்டங்களை அடைய அதன் பின்னரும் மலைப்பாதைகளையே நம்ப வேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டிற் தோன்றிய ‘வீரகேசரி’யும் 1932ஆம் ஆண்டிற் தோன்றிய ‘தினகர’னும் கொழும்பிலிருந்தே வெளிவந்தன. தோட்டத்திலே ஒரு சம்பவம் நிகழுமாயின், அதுபற்றிய முதலாவது செய்தி துரையின் தொலைபேசி வழியாகவோ பொலிஸ் நிலையத்தின் குறிப்பேட்டின் வழியாகவோதான் வெளியே செல்லக் கூடியதாயிருந்தது. தொழிலாளியின் கூற்று வெளிவருவதாயின் அது தொழிற்சங்கத்தின் வாய்வழியாகவே வரவேண்டும்.

இந்நிலையிலும் சில வேளைகளிற் கதவு திறந்ததுண்டு. 1937ஆம் ஆண்டில், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சி பெற்று வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், தொழிலாளரின் பக்கம் நின்று பேசியமைக்காக நாட்டைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார். அவர் தலைமறைவாகி, மே 5ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்ற பெருங்கூட்டத்திலே தோன்றினார். தலைநகரிற் பல்லாயிரவர் கண்முன்னே தோன்றிய அவரை மறைவாக அப்புறப்படுத்துதல் இயலாததாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. தேசாதிபதியின் ஆணை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று.

முல்லோயாச் சம்பவமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. கோவிந்தன் இறந்தமை பற்றி விசாரணை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. அவருடைய மனைவியின் சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிப் பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்தார். முல்லோயா வழக்குகள் தொடர்பாகப் பொலிஸ் மாஅதிபருக்கு உள்நாட்டமைச்சர் பணிப்புரை வழங்கலாமா என்ற பிணக்கு முற்றி, அவ்வாண்டு பெப்ரவரியில் மந்திரிசபையே பதவி துறக்கும் நிலை உண்டாயிற்று. ஒரு தொழிலாளியின் மரணம் இவ்வாறு நாடறிந்த விடயமாயிற்று. சாட்சியம் பகிரங்கமாக எடுக்கப்பட்டமையால் பத்திரிகைகள் அதனை அச்சிட்டன; அச்சிடப்பட்டமையால் அது அழியாது நின்றது. கோவிந்தனின் பெயர் நிலைத்தமைக்கு அவரது மரணத்தின் கொடுமை மட்டும் காரணமன்று. அம்மரணம் பற்றிப் பொது மன்றிற் சாட்சியம் கூற இடமிருந்தமையும் காரணமாகும்.

இனி ஊவாவுக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மத்திய மலைநாட்டிற் பரவிய வேலைநிறுத்த அலை 1940ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஊவாவை அடைந்தது. இங்கு போராட்டங்கள் நீண்டனவாகவும் உறுதிமிக்கனவாகவும் அமைந்தன. லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சித்தம்பலம் முதலியோர் இவற்றிலே தலைமைப் பங்கு வகித்தனர். பதுளை நீதவான் கூட்டங்களைத் தடை செய்து கட்டளை பிறப்பித்தார். மே மாதம் 12ஆம் திகதி அரசாங்க சபை உறுப்பினராகிய என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையிற் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார். திரண்டிருந்த மக்களின் முன்னிலையிற் பொலிசார் செயலற்று நின்றனர். இக்காலத்திலேயே வெவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் சபை தோன்றியது. அங்கு ஒழுங்கை நிலைநாட்டவென அனுப்பப்பட்ட ஆயுதந்தாங்கிய பொலிஸ் அணியொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர் என்று சமசமாஜ இயக்கத்தின் வழிவந்த வரலாறுகள் கூறுகின்றன.

இதன் பின்னர் நிகழ்ந்தவை இருளிலேயே நிகழ்ந்தன. பெருமழையினால் உண்டான வெள்ளம் ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்து விட்டது. அந்நாட்களிற் பொலிசார் மேற்கொண்ட கடும் நடவடிக்கைகளாற் போராட்டம் ஒடுக்கப்பட்டது. வெள்ளத்தை அரசாங்கம் உண்டாக்கவில்லை. ஆயினும் பாதை மூடியிருந்த காலம் ஒடுக்குமுறைக்கு வாய்ப்பான காலமாய் அமைந்தது. தோட்டத்துக்குள் நுழைய முடியாது. நகரிற் கூடிப் பேசுதல் சட்டவிரோதம். மாகாணத்துக்குள் வருவதற்கு வழியில்லை. லயங்களுக்குள் நடந்ததைக் கண்டோர் அங்கு வாழ்ந்தோரும் அங்கு சென்ற பொலிசாருமேயாவர்.

இச்சூழ்நிலை வரலாற்று மாணவனுக்கு ஏற்படுத்தும் இடர் பெரிது. வெவெஸ்ஸ பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பவை இரு தரப்பாரின் கூற்றுகளே. ஒன்று, போராட்டத்தைச் சட்ட மறுப்பாகவும் வெளியாரின் தூண்டுதலாகவும் கண்ட ஆட்சியாளரின் கூற்று. மற்றையது, அதனைப் புரட்சிகர எழுச்சியின் முன்னறிகுறியாகக் கண்ட கட்சியின் கூற்று. இரண்டாவது தொழிலாளருக்குச் சார்பானதே. இருந்தும் அதுவும் தொழிலாளரின் சொந்தக் கூற்று அன்று. சபைக்கு எவ்வாறு வாக்களித்தனர், பெண் தொழிலாளரும் அதிற் பங்கு கொண்டனரா, பெரிய கங்காணிமார் எப்பக்கம் நின்றனர், துரை இணங்கிய விடயங்கள் யாவை என்பன போன்ற வினாக்களை அன்று ஒருவர் நேரிற் சென்று கேட்டு எழுதியிருந்தால், அத்தோட்ட மக்கள் அரசியல் அறியாத கூலிகள் என்ற பழிச்சொல்லுக்கு அவர்களின் வாயாலேயே மறுப்புக் கிடைத்திருக்கும். எட்டாண்டுகளின் பின்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டபோது, அவர்கள் இந்நாட்டின் அரசியல் வாழ்விற் பங்கு கொண்டமைக்கான சான்றுகள் எத்துணை பயன்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது தடை ஜூன் மாதத்தில் வந்தது. 18ஆம் திகதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைது செய்யப்பட்டனர்; மறுநாள் கொல்வின் ஆர். டி சில்வாவும் கைதானார். கட்சியின் அச்சகம் சோதனையிடப்பட்டு முத்திரையிடப்பட்டது. சிங்களத்தில் ‘சமசமாஜய’ என்ற ஏட்டையும் தமிழிற் ‘சமதர்மம்’ என்ற ஏட்டையும் நடத்தி வந்த இயக்கம், வெளிப்படையாக எழுதவும் பேசவும் வழியற்றதாயிற்று. கைதானோர் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. விசாரணை நடந்திருக்குமாயின், குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டிருக்கும். ஊவாவிலிருந்து சாட்சிகள் வந்திருப்பர். பொலிசார் தம் செயலுக்கு விளக்கம் கூற நேர்ந்திருக்கும். முல்லோயாவுக்குக் கிடைத்த பொது மன்று வெவெஸ்ஸவுக்குக் கிடைக்கவில்லை. மேலும், கைதானோருள் பெரேராவும் பிலிப்பும் அரசாங்க சபை உறுப்பினர்கள். எனவே அச்சபையிலே வினா எழுப்பக்கூடிய குரல்களும் ஒரே நாளில் அடங்கின.

அரசாங்கத்தின் பக்க நியாயத்தையும் நாம் நடுநிலை நின்று ஆராய வேண்டும். என். எம். பெரேரா பதுளையிற் பேசியதற்கு இரு நாட்கள் முன்னரே ஜெர்மானியப் படைகள் மேற்கு ஐரோப்பாவிற் பெருந்தாக்குதலைத் தொடங்கியிருந்தன. தலைவர்கள் கைது செய்யப்படுவதற்கு நான்கு நாட்கள் முன்னர் பாரிஸ் நகரம் வீழ்ந்தது. தேயிலையும் இறப்பரும் பிரித்தானியாவுக்கு இன்றியமையாத பண்டங்கள். யுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்த கட்சியொன்று அவற்றின் உற்பத்தியைத் தடைப்படுத்துகின்றது என்று ஆட்சியாளர் அஞ்சியது வியப்பன்று. கப்பல்களின் போக்கையும் படைகளின் நிலையையும் அச்சிடலாகாது என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின் ஊவாத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமும், அவனது சங்கத்தை ஏற்றுக்கொள்வதா என்ற வழக்கும், லயத்துக்குட் புகுந்த பொலிசாரின் நடத்தையும் எந்தப் பகைவனுக்கும் பயன்படும் இரகசியங்கள் அல்ல. யுத்தத்துக்கென ஆக்கப்பட்ட விதி, தொழிற் பிணக்கை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே தோட்ட முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையைச் செய்துகொண்டமை, பிணக்கின் அடிப்படை தொழிலுரிமையே என்பதனைப் புலப்படுத்துகின்றது.

யுத்தம் முடிந்தது, அக்கருவி முடியவில்லை. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது, ஊர்வலத்திற் சென்ற கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் ஜூன் 5ஆம் திகதி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். அந்த மாதத்திலேயே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பின்வந்த அவசரகால நிலைகளும் தணிக்கை விதிகளும் அதனையே வேராகக் கொண்டன. 1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் பற்றி டார்சி வித்தாச்சி எழுதிய நூல் லண்டனிலே வெளியாயிற்று. உள்நாட்டு நிகழ்ச்சியை உள்நாட்டு மக்கள் வெளிநாட்டில் அச்சான நூலின் வழியே அறிய வேண்டியவராயினர்.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சியின் முதலாவது தாக்குதல் ஊவாவைச் சேர்ந்த வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தின் மீது, ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையிலே நிகழ்ந்தது. ஊரடங்கும் செய்தித் தணிக்கையும் நாடெங்கும் நடைமுறையில் இருந்த அந்த மாதத்திலேயே, அதே மாகாணத்தின் கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண் இராணுவத்தினராற் கொல்லப்பட்டார். அக்கொடுமை பிற்காலத்தில் நீதிமன்றத்தை அடைந்து, இராணுவத்தினர் இருவர் தண்டனை பெற்றனர். அவ்வழக்கின் வழியாகவே அக்காலத்தின் ஒரு பக்கத்தை நாடு அறிந்துகொண்டது. அவர் சிங்களக் கிராமமொன்றின் பெண் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் நன்று. செய்தித் தடையின் தீமை ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், வடக்கு யுத்தத்தின் பின்னடைவுகளை அடுத்து, கடுமையான தணிக்கை விதிகள் மீண்டும் ஆக்கப்பட்டன. கொழும்பில் ‘சண்டே லீடர்’ வார இதழை வெளியிட்ட நிறுவனத்தின் அச்சகம் மூடி முத்திரையிடப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அரசாங்கம் கையாண்ட வழி ஒன்றே என்பது கருதத்தக்கது. அம்முறை உயர் நீதிமன்றம் தலையிட்டது. தணிக்கை அதிகாரியின் நியமனம் சட்டப்படி செல்லாதென ஜூன் 30ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஆனால், அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் நிகழ்ந்தது நீதிமன்றத்தாலும் ஈடுசெய்ய முடியாததாயிற்று. 24ஆம் திகதி மாலை முகாமிற் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞருக்கும் பொறுப்பாளருக்குமிடையே முறுகல் ஏற்பட்டது. மறுநாட் காலை, சுமார் 60 பொலிசார் அங்கு நிற்கையிலேயே, கும்பலொன்று முகாமுக்குட் புகுந்தது. 41 பேருள் 27 பேர் கொல்லப்பட்டனர். சனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கை நெடுங்காலம் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. 2003ஆம் ஆண்டில் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட போதிலும், 2005ஆம் ஆண்டிற் தண்டனைக்குரியவராக ஒருவரும் எஞ்சவில்லை. காவலில் இருப்போரைச் சூழ்ந்த வேலி, அவர்களைத் தாக்க வந்தோரைத் தடுக்கவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது பற்றிய முழு உண்மையை வெளிவர விடாது தடுத்தது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நிருபர் உட்சென்றால் மட்டும் உண்மை வெளிவந்து விடுமா? பத்திரிகைகளும் உடைமையாளரின் நலனுக்கும் இன உணர்வுக்கும் கட்டுப்பட்டவை அல்லவா? இம்மறுப்பிற் பெருமளவு உண்மையுண்டு. தோட்டத்துரையின் விருந்தினராகச் சென்று அவருடைய பங்களாவிலிருந்தே செய்தி எழுதும் நிருபரால் லயத்து வாழ்வை அறிய முடியாது. எனினும் பல கூற்றுகள் பதிவாகும்போது அவற்றை ஒப்புநோக்கிப் பிழையைக் களைய முடியும். ஒரு கூற்று மட்டும் எஞ்சும்போது அதன் பிழையும் வரலாறாகி விடுகின்றது. 1919ஆம் ஆண்டிற் பஞ்சாபிற் படையாட்சி நிலவியபோது செய்திகள் கடுமையாகத் தடுக்கப்பட்டன. ‘பம்பாய் குரோனிக்கிள்’ ஆசிரியர் ஹோர்னிமன் நாடு கடத்தப்பட்டார். எனினும் இந்திய தேசிய காங்கிரஸ் தன் சார்பில் ஒரு விசாரணையை நடத்தி மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டியமையால், அரசாங்க விசாரணையின் முடிவுகளை அவற்றோடு ஒப்பிட முடிந்தது. ஊவாவின் தொழிலாளருக்கு அத்தகைய வாக்குமூலத் தொகுதி வாய்க்கவில்லை.

இன்று சட்டத்தின் நிலை ஓரளவு மாறியுள்ளது. 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கு உரிமை வழங்கியது. அதற்கெனத் தனிச்சட்டமொன்று தேவைப்பட்டமையே அதற்கு முன்னிருந்த நிலைக்குச் சான்றாகும். அவ்வுரிமை தொழிற்சங்கத்தாருக்கு உரியதேயன்றிப் பத்திரிகையாளருக்கு உரியதன்று. 1970களின் நிலச்சீர்திருத்தத்தாலே தோட்டங்கள் அரசுடைமையாகின. 1990களிற் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. ஆட்சி செய்வோர் மாறினரெனினும், லயத்துக்குச் செல்லும் பாதை தோட்ட நிலத்தினூடாகவே செல்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்துள்ளது. தேசிய பாதுகாப்பு என்னும் விலக்கு அதிலும் உண்டு. அவ்விலக்கு எங்கே தொடங்கி எங்கே முடிதல் வேண்டும் என்பதனை வெவெஸ்ஸவும் பிந்துனுவெவவும் நமக்கு உணர்த்துகின்றன. படையின் நிலையை மறைத்தல் வேறு. காவல் புரிவோரின் நடத்தையை மறைத்தல் வேறு.

1940ஆம் ஆண்டைக் கண்டோரின் வாயிலிருந்து அக்கதையைக் கேட்கும் காலம் கடந்து விட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பதுளையிலும் பசறையிலும் ஹாலி-எலவிலும் வாழ்கின்றனர். நம் விரிவுரை மண்டபங்களில் நம்மோடு அமர்ந்தும் கற்கின்றனர். குடும்பங்களில் எஞ்சியுள்ள நினைவுகளையும், பழைய சங்கச் சந்தாப் புத்தகங்களையும், பெட்டியடியிற் கிடக்கும் துண்டுப்பிரசுரங்களையும் திரட்டுதல் இன்னும் இயலும். அரச ஆவணங்களைச் சட்டப்படி கேட்டுப் பெறுதலும் இயலும். 2000ஆம் ஆண்டைக் கண்டோரோ இன்றும் நடுவயதினராக நம்மிடையே உள்ளனர்; அவர்களிடம் கேட்பதற்குக் காலம் இருக்கின்றது. முல்லோயாவில் ஓர் ஆணைக்குழு செய்ததை, வெவெஸ்ஸவில் ஒருவரும் செய்யாததை, இனி ஊவாவின் மாணவரும் ஆசிரியருமே செய்தல் வேண்டும். அப்பணியைத் தொடங்காதவரை, துரையின் படலையும் நீதவானின் கட்டளையும் அச்சகத்தின் முத்திரையும் இன்னும் அகற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.